கட்டிலுக்குப் பக்கவாட்டுல தடுப்புக் கம்பி போட்டா அம்மா விழறது நிக்குமா?

நிக்காதுங்க, கம்பிக்கு ஒத்துக்காதீங்க. பாத்ரூம் அவசரத்துல எழுந்திரிக்கிறவங்க கம்பி இருக்கேன்னு படுத்துக்க மாட்டாங்க, அதைத் தாண்டி ஏறத்தான் பார்ப்பாங்க, அப்ப விழற உயரமும் ஜாஸ்தி, இடுக்குல உடம்பு மாட்டிக்கிற ஆபத்து வேற. ராத்திரி கட்டிலை நல்லா தாழ இறக்கி வைக்கச் சொல்லுங்க.

ரெண்டு தடவையும் ராத்திரி எழுந்து நின்ன உடனே கண்ணு இருட்டிக்கிட்டு விழுந்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. எனக்கென்னவோ இது எழுந்து நிக்கும்போது பிபி இறங்குறதா இருக்கும்னு தோணுது.

நர்ஸ்கிட்ட இதைக் கேளுங்க:

1. 5 நிமிஷம் படுக்க வெச்சு பிபி பார்க்கணும்.
2. பக்கத்துல ஆள் பிடிச்சுக்க நிக்க வெச்சு, 1 நிமிஷத்துல ஒரு தடவை, 3 நிமிஷத்துல ஒரு தடவை பிபி பார்க்கணும்.

படுத்திருந்தப்ப இருந்ததைவிட பிபியோட மேல் அளவு 20, இல்லன்னா கீழ் அளவு 10 குறைஞ்சா டாக்டர்கிட்ட மாத்திரை லிஸ்டைக் காட்டுங்க. பிபி மாத்திரை, தூக்க மாத்திரை, சாயங்காலம் குடுக்கிற நீர் மாத்திரை, இந்த மூணையும் குறிப்பா கேளுங்க. நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க. இந்த பிபியைக் காலையில எழுந்ததும் பார்த்தா நல்லது, மத்தியானம் பார்த்துட்டு நார்மல்னு விட்டுடுவாங்க.

அதுவரைக்கும் அவங்க வழக்கமா எழுந்திரிக்கிற நேரத்துக்கு கொஞ்சம் முன்னாடியே ஆள் வந்து பாத்ரூம் கூட்டிட்டுப் போகட்டும். வெறும் சாக்ஸோட நடக்க விடாதீங்க, டைல்ஸ்ல அது வழுக்கும்.

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாங்களா? அப்படின்னா தலை அடிபட்டா வீக்கம் இல்லாட்டியும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.