பிலிப்பைன்ஸில் இருக்கும் பாரம்பரிய வைத்தியர்கள் எல்லாருமே ஏமாற்றுக்காரர்களா?

கத்தியே இல்லாமல் வெறும் கையால் வயிற்றிலிருந்து கட்டியை எடுக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள். அது மோசடி. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1975-லேயே அதை முழுப் புரட்டு என்று சொல்லிவிட்டது. அதை வைத்து அங்குள்ள எல்லா வைத்தியர்களையும் திருடர்கள் என்றால் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் நான் அந்த நாட்டின் டவாவோ நகரில் எம்.டி. (நம்ம ஊர் எம்.பி.பி.எஸ். மாதிரி) படித்தவன், அவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

எங்கள் வீட்டுக்கார அம்மா, நானாய் என்றுதான் கூப்பிடுவோம், எதற்கெடுத்தாலும் தெருக்கோடியில் ஹிலோட் என்கிற, எண்ணெய் தேய்த்து நீவிவிடும் வைத்தியம் பார்க்கும் பாட்டியிடம்தான் போவார். சுளுக்கு, பிரசவித்த பெண்ணுக்கு வயிறு நீவுவது, யாரோ கொஞ்சிவிட்டுப் போனபின் அழுகையை நிறுத்தாத குழந்தை, எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெயும் ஒரு ஜெபமும்தான். கட்டணம் கிடையாது, கொடுப்பதை வாங்கிக்கொள்வார். என் அறை நண்பனுக்குக் காய்ச்சல் வந்தபோது நானாய் அவனையும் அங்கே இழுத்துக்கொண்டு போனார். பாட்டி கையைப் பிடித்துப் பார்த்தார், தோலில் இருந்த சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தார், எண்ணெயைத் தொடவே இல்லை, "இது என் வேலை இல்லை, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றார். டெங்கு. தட்டணுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

உடனே "அப்போ நிமோனியாவுக்கும் எண்ணெய் தேய்க்கச் சொல்கிறாயா" என்று யாராவது வருவீர்கள். இல்லை. குழந்தைக்கு இருமலும் காய்ச்சலும் வந்தால் முதுகில் சுளுக்கு என்று நீவிக்கொண்டே நாளைக் கடத்துபவர்களும் அங்கே உண்டு, அது ஆபத்துதான். ஆனால் தீவுகளிலும் மலைக்கிராமங்களிலும் டாக்டரைப் பார்க்கப் படகு ஏற வேண்டும், அதுவரை பக்கத்தில் இருப்பது இவர்கள்தான். அரசே 1997-ல் பாரம்பரிய மருத்துவத்துக்கு என்று சட்டம் போட்டது. நம்ம ஊர் நொச்சி அங்கே லகுண்டி, மருந்துக்கடையில் இருமல் சிரப்பாகவே கிடைக்கும்.

அப்புறம் இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். தகுதித் தேர்வு எழுதிப் பாஸ் பண்ணி இங்கே வேலைக்கு வந்த பிறகும் "ஓ, பிலிப்பைன்ஸ் டாக்டரா" என்று இழுக்கிறார்களே, அந்த இளக்காரமும் இந்தக் கேள்வியில் இருப்பதும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது.

சரி, நேரில் பார்க்க ஆசை என்றால் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் சிகிஹோர் தீவுக்குப் போங்கள். அங்கே மனனாம்பல் என்கிற வைத்தியர்கள் ஒன்றுகூடி, சேகரித்த மூலிகைகளை வைத்து மருந்து காய்ச்சுவார்கள். போனை நீட்டுவதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.