வரி கட்டுவது யார்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பணக்காரர்கள் மீது கூடுதல் வரி வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே வரியைப் பிடித்துவிடுகிறார்கள். இந்த நாட்டில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான் வருமான வரி கட்டுகிறோம். மீதிப் பேர் எதுவும் கட்டாமல் இலவச பஸ், மாதம் 1000 ரூபாய் என்று வாங்கிக்கொள்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் 97 சதவீதத்துக்கு மேல் வரி போட்டுப் பார்த்தார்களே, கறுப்புப் பணம் பெருகியதுதான் மிச்சம். உழைத்துச் சம்பாதித்தவனிடம் பிடுங்குவது எப்படி நீதியாகும்? சுதந்திரா கட்சி தொடங்கிய ராஜாஜி வழியில், அரசு தன் எல்லைக்குள் நின்றால் போதும். ஒருவன் பணக்காரனாக இருப்பதால் இன்னொருவனுக்கு என்ன நஷ்டம்?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது போய்ச் சேரும் இடம் தவறு.

முதலில் உங்கள் சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். புதிய வரிமுறையில் 24 லட்சத்துக்கு மேல் வாங்கும் ஒவ்வொரு ரூபாய் சம்பளத்துக்கும் 30 சதவீதம் வரி. பங்குச்சந்தையில் ஒரு வருடத்துக்கு மேல் பங்குகளை வைத்திருந்து விற்று, எத்தனை கோடி லாபம் பார்த்தாலும் அடிப்படை வரி 12.5 சதவீதம். விற்காமலே வைத்திருந்தால் அதுவும் இல்லை. 2019 செப்டம்பரில் நிறுவன வரியை, சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு, 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வரவு குறையும் என்று அப்போது அரசே சொன்னது. 2023-24-இல் தனிநபர் வருமான வரி வசூல் நிறுவன வரி வசூலைவிட அதிகம். உங்களைப் போன்ற சம்பளக்காரர்கள் மேல் பாரம் ஏறியிருப்பது உண்மை. ஏற்றியது பஸ்ஸில் போகிற பெண்மணி இல்லை.

அந்தப் பெண்மணிக்கு வருவோம். இலவச பஸ்ஸும் 1000 ரூபாயும் மாநில அரசின் செலவு. உங்கள் வருமான வரி போவது மத்திய அரசுக்கு. அதில் ஒரு பங்குதான் மாநிலங்களுக்குப் பிரிகிறது. தமிழ்நாட்டின் சொந்த வரி வரவு பெரும்பாலும் ஜிஎஸ்டி, பெட்ரோல் டீசல், மது, பத்திரப்பதிவு, வாகன வரி இவற்றிலிருந்து வருகிறது. கட்டட வேலைக்குப் போகும் ஒரு சித்தாள் 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் அதில் 45 ரூபாய் 61 காசு ஜிஎஸ்டி. ஒரு தொழிலதிபர் அதே ரீசார்ஜ் செய்தாலும் அதே 45 ரூபாய் 61 காசுதான். சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாவற்றுக்கும் 2017 முதல் 2025 செப்டம்பர் வரை 18 சதவீதம் வாங்கினார்கள். பிறகுதான் 5 ஆனது. அந்தச் சித்தாளின் வீட்டுக்காரர் குடிப்பவர் என்றால் கூலியில் ஒரு பங்கு நேராகக் கஜானாவுக்குப் போகிறது. 2023-24-இல் மதுவின் மீதான வரிகளால் மட்டும் மாநிலத்துக்கு 45,000 கோடிக்கு மேல் வந்திருக்கிறது. வரியே கட்டாதவர்கள் என்று நீங்கள் சொல்லும் ஜனங்கள் கட்டிய பணம் இது.

ராஜாஜியை நீங்கள் இழுத்ததில் எனக்குச் சந்தோஷம். 1959-இல் சுதந்திரா கட்சி தொடங்கி, தொழில் செய்ய எதற்கெடுத்தாலும் அரசு அனுமதி கேட்கும் பர்மிட் லைசென்ஸ் ராஜ்யத்தை அவர் எதிர்த்த விதத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அதற்கு இருபது வருடம் முன்பு அவர் செய்த காரியத்தையும் பார்க்க வேண்டும். 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார், இன்றைய முதலமைச்சர் பதவிதான் அது. அக்டோபரில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள், சாராய வருமானம் நின்றது. அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் பொது விற்பனை வரி போட்ட முதல் மாகாணம் நம்முடையதுதான். ஒரு நல்ல காரியத்துக்காகப் போட்ட சிறிய வரி. அப்புறம் மதுவிலக்கு போய்விட்டது. விற்பனை வரி போகவில்லை. வாட் ஆகி, ஜிஎஸ்டி ஆகி, இன்று எல்லாப் பில்லிலும் உட்கார்ந்திருக்கிறது. மது வருமானமும் திரும்பி வந்து சேர்ந்துகொண்டது.

ஏன் போகவில்லை? விலைக்குள் ஒளிந்திருக்கும் வரி கட்டுகிறவருக்கே தெரிவதில்லை. தெரியாததால் யாரும் கணக்குக் கேட்பதில்லை. உங்களுக்குச் சம்பளச் சீட்டில் பிடித்தம் கண்ணில் படுகிறது, அதனால் கடிதம் எழுதுகிறீர்கள். அந்தச் சித்தாளுக்கும் தான் மாதாமாதம் எவ்வளவு கட்டுகிறார் என்று தெரிந்தால், ஊர்ச் சாலையைப் பற்றி அவரும் கேட்பார். அரசு தன் எல்லைக்குள் நிற்க வேண்டும் என்று சொல்பவர்கள் முதலில் எதிர்க்க வேண்டியது மறைமுக வரியை. இதை அந்தத் தரப்பில் யாரும் உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, 97 சதவீதம். அது மடத்தனமான வரி. சந்தேகமே இல்லை. சம்பாதிப்பதையே தண்டிக்கும் வரி அது, கறுப்புப் பணத்தை வளர்த்தது என்பதும் சரி. ஆனால் நான் கேட்பது வேறொன்று. உழைத்தவனுக்குத்தான் உழைப்பின் பலன் என்கிறீர்கள். அப்படியானால் நூறு கோடியை உழைக்காமல் பெறும் வாரிசிடம் ஒரு பங்கு கேட்பதில் உங்களுக்கு என்ன தடை? 1953-இல் இங்கே எஸ்டேட் டியூட்டி, அதாவது இறந்தவர் விட்டுப்போகும் சொத்தின் மீதான வரி வந்தது. 85 சதவீதம் வரை விகிதம் இருந்தும் கடைசியில் ஆண்டுக்குச் சுமார் 20 கோடிதான் வசூல். எல்லாம் மதிப்பீட்டு வழக்குகள். அதே சொத்துக்கு வருடாவருடம் செல்வ வரி வேறு. 1985-இல் நிதியமைச்சர் வி.பி. சிங் எஸ்டேட் டியூட்டியை ரத்து செய்தார். செல்வ வரியும் 2015-இல் போனது. கண்டபடி விகிதத்தை ஏற்றி, ஆயிரம் ஓட்டைகள் விட்டதால் கெட்டுப்போன வரி எஸ்டேட் டியூட்டி. தென் கொரியாவில் சாம்சங் தலைவர் லீ குன்-ஹீ 2020-இல் இறந்தபோது, அவர் குடும்பம் 12 லட்சம் கோடி வோனுக்கு மேல் வாரிசு வரி கட்ட வேண்டியிருந்தது. ஐந்து வருடத் தவணையில் கட்டுவதாக 2021-இல் அறிவித்தார்கள். கம்பெனி மூழ்கிவிடவில்லை.

இங்கே வாரிசு வரியைத் திரும்பக் கொண்டுவந்தால், பத்து கோடி வரையான சொத்தைத் தொடவே வேண்டாம். வீடும் நிலமும் வைத்திருக்கும் சாதாரணக் குடும்பம் எதுவும் இதற்குள் வராது. அதற்கு மேல் ஒரு மிதமான விகிதம், சலுகை எதுவும் இல்லாமல். வரும் பணம் புதுச் செலவுக்குப் போகக் கூடாது. அந்த அளவுக்கு ஜிஎஸ்டியைக் குறைக்க வேண்டும். அரசு ஒரு ரூபாய்கூடப் பெருக்காது, பாரம் மட்டும் தோள் மாறும். இதை நீங்கள் எந்தக் கொள்கையை வைத்து மறுப்பீர்கள் என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒருவன் பணக்காரனாக இருப்பதால் என்ன நஷ்டம் என்ற உங்கள் கடைசிக் கேள்வி. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவின் செல்வத்தில் சுமார் 40 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் இருக்கிறது. அவ்வளவு பணம் வங்கியில் சும்மா கிடப்பதில்லை, கட்சிகளிடமும் போகிறது. பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழி செய்த தேர்தல் பத்திரங்கள் செல்லாது என்று 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை முழுக்க வாசியுங்கள். பெரிய நன்கொடை தருகிறவருக்குச் சட்டம் இயற்றுகிறவர்களிடம் என்ன செல்வாக்கு கிடைக்கிறது என்று நீதிபதிகள் அதில் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள்.