வென்சர்ஸ் ரீஇஷ்யூ ரெக்கார்டுங்க: எதை வாங்கலாம், எதை விடலாம் (கேள்வி பதில்)

தி வென்சர்ஸ்ங்கற அமெரிக்க கிடார் பேண்டோட ரீஇஷ்யூ, அதாவது பழைய ஆல்பத்த மறுபடி போடற பதிப்புங்க பத்தி ஒரு நாள் உக்காந்து பதில் சொல்லுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுட்டே இருந்தீங்க, சரி இன்னைக்கு ஆச்சு. ஒரே கேள்விய நாலு பேர் கேட்டிருந்தா ஒண்ணா சேத்துட்டேன். முன்னாடியே சொல்லிடறேன், எனக்கு கலர் வினைல் மேலயோ "ரீமாஸ்டர்டு"ங்கற ஸ்டிக்கர் மேலயோ பெருசா மயக்கம் கிடையாது. எந்த மிக்ஸ், ஒரிஜினல் ரெக்கார்டிங்கா இல்ல பின்னாடி வாசிச்சதா, பாட்டு வரிசை ஒழுங்கா இருக்கா, இந்த மூணத்தான் பாப்பேன். பதிலும் அப்படித்தான் இருக்கும்.

நித்யா: அண்ணா, நான் இப்பதான் கேக்க ஆரம்பிச்சிருக்கேன். யாருமே பாடாத பேண்டு, அதுல இத்தனை ஆல்பம், எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல.

1960ல வந்த "வாக் டோன்ட் ரன்" ஆல்பத்துல இருந்து ஆரம்பிம்மா, வேற யோசனையே வேணாம். கதைய சுருக்கமா சொல்லிடறேன். வாஷிங்டன் ஸ்டேட்ல டகோமா ஊர்ல டான் வில்சன், பாப் போகல்னு ரெண்டு பேர், கட்டட வேலை பாத்துட்டு இருந்தவங்க, அடகுக் கடைல பழைய கிடார் வாங்கி 1958ல ஆரம்பிச்ச பேண்டு இது. ஜானி ஸ்மித்ங்கற ஜாஸ் கிடாரிஸ்ட் எழுதின டியூன, செட் அட்கின்ஸ் வாசிச்ச ரெக்கார்டுல கேட்டு, தங்களுக்கு வர்ற மாதிரி எளிமையாக்கி வாசிச்சாங்க. எந்தக் கம்பெனியும் சீண்டல, டானோட அம்மா ஜோஸியே ப்ளூ ஹொரைசன்னு ஒரு லேபிள் ஆரம்பிச்சு வெளியிட்டாங்க. சியாட்டில்ல ஒரு ரேடியோ ஸ்டேஷன் நியூஸுக்கு முன்னாடி இதப் போட ஆரம்பிச்சதும் அது யாரு யாருன்னு ஃபோன் குவிஞ்சுடுச்சு, அப்புறம் டோல்ட்டன் லேபிள் எடுத்துப் போட்டு பில்போர்டுங்கற அமெரிக்க ஹிட் லிஸ்ட்ல ரெண்டாவது இடம் வரைக்கும் போச்சு. முதல் இடத்துல எல்விஸ் உக்காந்திருந்தாரு, அவர அசைக்க முடியல. அந்த சிங்கிள்ல டிரம்ஸ் வாசிச்ச ஸ்கிப் மூர், ராயல்டில கால் பங்கு வேணாம் கையில 25 டாலர் குடுங்க போதும்னு வாங்கிட்டுப் போனவரு. அந்தப் பாட்டு எப்ப ஓடினாலும் எனக்கு இது ஞாபகம் வந்துடும்.

இன்னொண்ணு, அந்த ஆல்பம் அட்டைல கிடாரோட தடுமாறி விழற மாதிரி நாலு பேர் நிக்கறாங்க பாரு, அவங்க வென்சர்ஸே இல்ல. பேண்டு டூர்ல இருந்ததால வேற ஆளுங்கள நிக்க வச்சு எடுத்த போட்டோ அது. ரீஇஷ்யூலயும் அதே அட்டைதான் வருது, அதப் பாத்து "இவருதான் பாப் போகல்"னு யாருக்கும் சொல்லி வச்சுடாத.

கோவை சிவா: மோனோ வாங்கறதா ஸ்டீரியோ வாங்கறதா தலைவா? ஸ்டீரியோதான் ஒசத்தின்னு கடைல சொல்றாங்க.

ஆரம்பகால ஆல்பங்களுக்கு மோனோ, அதாவது எல்லா சத்தமும் பிரியாம ஒண்ணா வர்றது. இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. அந்தக் காலத்துல சின்ன ஸ்டுடியோல மூணு டிராக் மாதிரி கொஞ்சூண்டு இடத்துல பதிவு பண்ணத, ஸ்டீரியோ ஆக்கறேன்னு லீட் கிடார ஒரு பக்கமும் டிரம்ஸ் பேஸ் எல்லாத்தையும் இன்னொரு பக்கமும் தள்ளிடுவாங்க. ஹெட்ஃபோன்ல கேளுங்க, ஒரு காதுல மட்டும் கிடார் கொத்திட்டே இருக்கும், இன்னொரு காதுல டிரம்ஸ் தனியா ஓடும், நடுவுல வெறும் காத்து. மோனோல அதே பாட்டு ஒரே கட்டியா நெஞ்சுல வந்து இடிக்கும். அவங்களோட பலமே நாலு பேர் ஒரே மெஷின் மாதிரி சேந்து ஓடறதுதான், அத ரெண்டா வெட்டிட்டா என்ன மிச்சம்.

65, 66க்கு அப்புறம் வந்ததுக்கு ஸ்டீரியோ பரவால்ல, அதுக்குள்ள மிக்ஸ் பண்றவங்களுக்கும் கை பழகிடுச்சு. பழைய ஒரிஜினல் பிரஸ்ஸிங் (அந்தக் காலத்துலயே அச்சடிச்ச தட்டு) தேடறவங்களுக்கு ஒரு குறிப்பு: டோல்ட்டன் லேபிள்ல மோனோவுக்கு 2000 வரிசை நம்பர், ஸ்டீரியோவுக்கு 8000 வரிசை. "வாக் டோன்ட் ரன்" மோனோன்னா 2003, ஸ்டீரியோன்னா 8003. அட்டைய மட்டும் பாக்காதீங்க, உள்ள இருக்கற தட்டுலயும் நம்பர் பாருங்க, அட்டை ஒண்ணு தட்டு ஒண்ணா நிறைய சுத்துது.

மைலாப்பூர் மணி: ஐரோப்பால இருந்து வர்ற சிடி செட்டு, ஆறு ஏழு ஆல்பம் சேத்து ரொம்ப சல்லிசா கிடைக்குதே, அதெல்லாம் திருட்டுப் பதிப்பா சார்?

திருட்டு இல்ல சார், அங்க சட்டப்படி சரிதான். ஐரோப்பால முன்னாடி ரெக்கார்டிங்குக்கு காப்பிரைட் 50 வருஷம். 2013ல அத 70 ஆக்குனாங்க, ஆனா அதுக்குள்ள காலாவதி ஆனத திரும்ப உயிர்ப்பிக்கல. அதனால 1962 கடைசி வரைக்கும் வெளிவந்ததெல்லாம் அங்க பொதுச் சொத்து, யார் வேணாலும் போடலாம். அந்த செட்டுல என்னென்ன ஆல்பம் இருக்குன்னு திருப்பிப் பாருங்க, 60, 61, 62 ஆல்பமா இருக்கும், 63ல வந்த "சர்ஃபிங்" இருக்காது, 64ல வந்த "இன் ஸ்பேஸ்" இருக்கவே இருக்காது. ஏன் திடீர்னு நின்னுடுதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க, காரணம் இதான்.

ஆனா சட்டம் சரின்னா சத்தமும் சரின்னு அர்த்தம் இல்ல. மாஸ்டர் டேப், அதாவது ஒரிஜினல் பதிவு டேப், இவங்க கையில கிடையாது, பழைய தட்டையோ வேற யாரோ போட்ட சிடியையோ எடுத்து சரசரப்ப ஃபில்டர் போட்டு அடிச்சு வைப்பாங்க, அதோட சேந்து சிம்பலோட பளபளப்பும் போயிடும். கார்ல கேக்க வாங்குங்க, தப்பில்ல. பெரிய ஸ்பீக்கர் வச்சிருக்கீங்கன்னா அந்தக் காச சேத்து வச்சு ஒரே ஒரு நல்ல பதிப்பு வாங்குங்க.

வினைல் வெறியன்: அப்ப நல்ல பதிப்புன்னா யாருது? சன்டேஸ்டா, ஏஸா?

ரெண்டும் ரெண்டு வேலை தம்பி. சன்டேஸ்ட் அமெரிக்கக் கம்பெனி, ஆல்பத்த ஆல்பமாவே, பழைய அட்டையோட வினைல்ல போடறவங்க. ஏஸ் லண்டன் கம்பெனி, அவங்க போட்ட "இன் தி வால்ட்ஸ்" வரிசை ஆல்பத்துல இல்லாத சிங்கிள், கெடங்குல தூங்கினது, கிடைக்காதது இதெல்லாம் தேடி எடுத்துப் போட்டது. முக்கியமான ஆல்பமெல்லாம் கையில இருக்கறவங்களுக்குத்தான் ஏஸ். முதல் தடவை வாங்கறவன் அங்க போனா பாதி பாட்டு எதுக்குன்னே புரியாது. தொண்ணூறுகள்ல ஒன் வே கம்பெனி ரெண்டு ஆல்பத்த ஒரே சிடில போட்டது இன்னும் பழைய சிடி கடைங்கள்ல மாட்டும், நல்ல வெலைக்குக் கிடைச்சா யோசிக்காம தூக்குங்க.

பாஸ் கிடார் பாலு: அண்ணே, "பீச் பார்ட்டி"ன்னு ஒரு ஆல்பம் வாங்கினேன், கேட்டா என்கிட்ட ஏற்கனவே இருக்கற பாட்டு மாதிரியே இருக்கு. பைத்தியம் பிடிக்குது.

உனக்கு ஒண்ணும் ஆகல. 62ல "மேஷ்டு பொட்டேட்டோஸ் அண்ட் கிரேவி"ன்னு வந்த ஆல்பம்தான் அது. மேஷ்டு பொட்டேட்டோ அப்ப ஒரு டான்ஸ் மோகம், அது தணிஞ்சதும் பேர மாத்தி "பீச் பார்ட்டி"ன்னு வித்துட்டாங்க. அதே மாதிரி "ட்விஸ்ட் வித் தி வென்சர்ஸ்" ஆல்பம் "டான்ஸ்" ஆச்சு, "ட்விஸ்ட் பார்ட்டி" ரெண்டாவது வால்யூம் "டான்ஸ் வித் தி வென்சர்ஸ்" ஆச்சு. ரீஇஷ்யூ போடறவங்க சில பேர் பழைய பேர்லயும் சில பேர் புதுப் பேர்லயும் போடறாங்க. பேர விட்டுட்டு பாட்டு லிஸ்ட்ட பாத்து வாங்கு.

செல்வி: தொகுப்பு ஒண்ணு வாங்கினேன், "வாக் டோன்ட் ரன்" வேற மாதிரி கேக்குது. காது கோளாறா?

காது நல்லாத்தான் இருக்கு! இந்தப் பேண்டு தன்னோட ஹிட்டுகளையே பின்னாடி பல தடவை திரும்ப ரெக்கார்டு பண்ணியிருக்கு, மட்டமான தொகுப்புங்கள்ல அதத்தான் போட்டு விப்பாங்க, அட்டைல மட்டும் அறுபதுகள் போட்டோ. இதுல இன்னொரு குழப்பம், அவங்களே 64ல இந்தப் பாட்ட சர்ஃப் (கலிஃபோர்னியா கடற்கரை கிடார் இசை) பாணில மறுபடி பண்ணாங்க, அதுவும் பில்போர்டுல எட்டாவது இடம் போச்சு. ஒரே பாட்டு ஒரே பேண்டு, ரெண்டு தடவை டாப் டென். 1960 பதிப்ப கண்டுபிடிக்கறது சுலபம்: டிரம்ஸ்ல ஒரு சின்னத் தட்டல், உடனே ரிதம் கிடார் ஏ மைனர், ஜி, எஃப், இ-ன்னு படி இறங்கும், சத்தம் வறண்டு பக்கத்துல நின்னு வாசிக்கற மாதிரி இருக்கும். ரிவெர்ப் (எதிரொலி மாதிரி எஃபெக்ட்டு) ஈரமா சொட்டினா அது 64, இல்ல அதுக்கும் பின்னாடி வந்தது.

ஜூரோங் மாமா: தம்பி, நாங்க சிங்கப்பூர்ல சின்ன வயசுல கேட்டதெல்லாம் ஷேடோஸ்ங்கற பிரிட்டிஷ் பேண்டுதான். 61ல கிளிஃப் ரிச்சர்டோட இங்கயே வந்து வாசிச்சாங்க. வென்சர்ஸ் சர்ஃப் பேண்டே இல்லன்னு ஒருத்தர் வாதம் பண்றாரு, நீ என்ன சொல்ற?

வணக்கம் மாமா. அவர் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. வென்சர்ஸ் கலிஃபோர்னியா கடற்கரை ஆளுங்க இல்ல, மழையும் குளிருமா இருக்கற வடமேற்குப் பக்கம். சர்ஃப் அலை வந்தது டிக் டேல் ஆளுங்களால, இவங்க அதுக்கு முன்னாடியே இருந்தவங்க. ஆனா அந்த சர்ஃப் பசங்க எல்லாம் கிடார் கத்துக்கிட்டதே இவங்க ரெக்கார்டு போட்டு வச்சுத்தான், அப்புறம் இவங்களே "சர்ஃபிங்"னு ஆல்பம் போட்டு சான்டேஸ் பேண்டோட "பைப்லைன்" வாசிச்சாங்க. அப்பாவும் மகனும் மாறி மாறி சட்டை போட்டுக்கிட்ட கதைதான். ஷேடோஸ் லீட் கிடாரிஸ்ட் ஹாங்க் மார்வின் வாசிப்பு சுத்தமா தேச்ச வெள்ளி மாதிரி இருக்கும், எனக்கும் உசுரு. வென்சர்ஸ்ல அந்த நாசூக்கு கம்மி, ஓட்டம் ஜாஸ்தி.

ராஜேஷ்: "இன் ஸ்பேஸ்" ஆல்பத்துக்கு ஏன் இந்த அலப்பறை? சிந்தசைசர் எஃபெக்ட்டுதானே?

சிந்தசைசர் ஒண்ணு கூட கிடையாது ராஜேஷ், அதுக்குத்தான் அலப்பறையே. 1964ல கிடார், பெடல் ஸ்டீல், ஃபஸ் (கிடார் சத்தத்த கரகரப்பாக்கற எஃபெக்ட்டு), ரிவெர்ப் இத வச்சே பேய்க் காத்தும் ராக்கெட் சத்தமும் பண்ணியிருக்காங்க, ஸ்டீல் வாசிச்சவரு ரெட் ரோட்ஸ். அவரேதான் 62ல "2000 பவுண்ட் பீ"க்கு ஃபஸ் பாக்ஸ் செஞ்சு குடுத்தவரு, ஃபஸ் கிடார் வச்சு வந்த ஆரம்ப ரெக்கார்டுகள்ல அது ஒண்ணு, ரோலிங் ஸ்டோன்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடி. "இன் ஸ்பேஸ்" முழுசா ஒரே உக்காருல, ராத்திரி, லைட்ட அணைச்சுட்டுக் கேளுங்க. இந்த ஆளுங்க ஆல்பத்த ஒரே எண்ணத்துல கட்டறவங்க, 61ல வந்த "கலர்ஃபுல் வென்சர்ஸ்"ல ஒவ்வொரு பாட்டு பேர்லயும் ஒரு கலர் வரும். அதனாலதான் வரிசைய கலைச்சுப் போடற தொகுப்பு மேல எனக்குக் கோவம்.

வித்யா சங்கர்: ஜப்பான் பிரஸ்ஸிங் நெசமாவே அவ்வளவு ஒசத்தியா? வெல கேட்டா மயக்கம் வருது.

தட்டு சுத்தம், சத்தம் இல்லாத வினைல், இதுல ஜப்பான அடிச்சுக்க முடியாது. தோஷிபா அறுபதுகள்ல போட்ட சிவப்பு வினைல் பாத்திருப்பீங்க, அது அழகுக்கு இல்ல, தூசி ஒட்டாம இருக்க ஆன்டி ஸ்டாட்டிக் சேத்தது. ஜப்பான்ல இவங்க மேல இருந்த வெறி தனி. 62ல முதல் தடவை போகும்போது நாலு பேருக்கும் காசு குடுக்க ஆள் இல்லாம டானும் பாபும் மட்டும் போனாங்க, 65ல முழு பேண்டா போனப்ப ஊரே எலக்ட்ரிக் கிடார் தூக்கிடுச்சு, "எலெக்கி" மோகம்னு அங்க அதுக்குப் பேரே உண்டு. அதனால அமெரிக்கால என்னைக்கோ நின்னு போன ஆல்பமெல்லாம் அங்க திரும்பத் திரும்ப வந்துட்டே இருக்கு, அங்க மட்டுமே வந்த லைவ் ஆல்பமும் நெறைய. லைவ்ல "காரவன்" கேளுங்க, டிரம்மர் மெல் டெய்லர் டிரம் குச்சிய எடுத்துட்டு வந்து பேஸ் கிடார் கம்பி மேலயே தட்டுவாரு, பாப் போகல் இடது கையால நோட் மாத்திட்டே நிப்பாரு.

ஒரிஜினல் சிவப்பு தட்டுக்கு தலைய அடகு வைக்காதீங்க. அதே ஆல்பம் சின்னக் காகித அட்டைல எல்பி மாதிரியே மடிச்ச ஜப்பான் சிடியா கிடைக்கும், கேக்கறதுக்கு அது தாராளம்.

அருண்: ஹவாய் ஃபைவ்-ஓ டிவி சீரியல்ல வர்றது இவங்க வாசிச்சதுதானே?

இல்ல. அது மார்ட்டன் ஸ்டீவன்ஸ் எழுதினது, டிவில வர்றதும் அவரோட இசைக்குழு. வென்சர்ஸ் பதிப்பு தனி சிங்கிள், 1969ல நாலாவது இடம்.

கிறிஸ்டி: கிறிஸ்மஸ் ஆல்பம் வருஷா வருஷம் புதுசு புதுசா போடறாங்களே, வாங்கலாமா?

கண்ணை மூடிட்டு வாங்கு தங்கச்சி, 65ல வந்தது. பெரும்பாலும் ஒவ்வொரு பாட்டும் அந்தக் காலத்து ஏதோ ஒரு ஹிட்டோட ரிஃப்ல (திரும்பத் திரும்ப வர்ற இசைத் துண்டு) ஆரம்பிக்கும், ருடால்ஃப் மான் பாட்டு பீட்டில்ஸோட "ஐ ஃபீல் ஃபைன்"ல ஆரம்பிக்கும், ஃபிராஸ்டி பாட்டு "டெக்கீலா"ல வரும். மோனோவும் ஸ்டீரியோவும் சேத்துப் போட்ட பதிப்பு ரியல் கான் கம்பெனி வெளியிட்டது, மாட்டினா அதையே எடு.

பாஸ் கிடார் பாலு: இன்னொண்ணு அண்ணே, கிடார் கத்துக்க ஏதாவது?

"ப்ளே கிடார் வித் தி வென்சர்ஸ்", 1965. பாடம் சொல்லிக் குடுக்கற எல்பி, ஒவ்வொரு பார்ட்டையும் தனியா வாசிச்சுக் காட்டி அப்புறம் உன்னையும் சேத்துக்கும், அது பில்போர்டு சார்ட்டுக்கே போச்சுன்னா பாத்துக்க. ஆனா பழைய தட்டா வாங்கினா பிரிச்சுப் பாரு, உள்ள பாட புக்கு இருக்கணும், பல பேர் கிழிச்சு எடுத்துட்டுத் தட்ட மட்டும் விப்பாங்க. அப்புறம் தட்ட வெளிச்சத்துல சாய்ச்சுப் பாரு, இந்த மாதிரி பாடத் தட்டுல ஊசிய ஒரே எடத்துல ஆயிரம் தடவை வச்சிருப்பாங்க, அந்தப் பாட்டோட ஆரம்பம் மட்டும் சாம்பல் பூத்து இருக்கும். அப்படி இருந்தா வெலைய பாதியாக் கேளு.