சீட்டில் ‘ரெக்கரன்ட்’ என்று எழுதியிருக்கிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 51. மாதவிடாய் நின்று இரண்டு வருடமாகிறது. நீர்க்கடுப்புக்காகப் போனபோது டாக்டர் சீட்டில் ‘ரெக்கரன்ட் யூ.டி.ஐ.’ என்று எழுதினார். இணையத்தில் தேடினால் புற்றுநோய் திரும்பி வந்த கதைகளாக வருகின்றன. கிரியேட்டினின் 0.8. சில நாள் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறது. கடுப்பு வந்தால் பழைய மாத்திரையையே வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். பயமாக இருக்கிறது.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ‘யூ.டி.ஐ.’ என்றால் சிறுநீர்த் தொற்று, ‘ரெக்கரன்ட்’ என்றால் திரும்பத் திரும்ப வருவது. அவ்வளவுதான். சளிக்கும் எழுதுவோம், வாய்ப்புண்ணுக்கும் எழுதுவோம். புற்றுநோய் மருத்துவர்களும் அதே சொல்லைப் புழங்குவதால் உங்கள் தேடல் அந்தப் பக்கம் போய்விட்டது.

ஆனால் எங்களுக்கு அந்தச் சொல்லில் ஒரு கணக்கு உண்டு. சிறுநீர்த் தொற்று 6 மாதத்தில் 2 முறை அல்லது ஒரு வருடத்தில் 3 முறை வந்திருந்தால்தான் ‘ரெக்கரன்ட்’. “அடிக்கடி வருது டாக்டர்” என்பவர்களிடம் நான் தேதி கேட்பேன். பாதிப் பேருக்குக் கணக்கு தேறாது. வந்தது முழுதாகப் போகாமலே இருந்தால் அது வேறு. மருந்து முடித்த இரண்டு வாரத்துக்குள் அதே கிருமி தலைகாட்டினால் உள்ளே கல் இருக்கிறதா என்று பார்ப்போம்.

இப்போது அந்தப் பழைய மாத்திரை. சென்ற வாரம் ஒரு அம்மா கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பத்தில் நான்கு மாத்திரை மிச்சம். “எரிச்சல் நின்னுடுச்சு, நிறுத்திட்டேன். அடுத்த தடவைக்கு ஆகும்ல?” ஆகாது. அரைகுறையாகப் போட்டுப் போட்டு, அந்த மருந்துக்கு அசையாத கிருமியைத்தான் வளர்க்கிறீர்கள். அடுத்த முறை முதல் மாத்திரைக்கு முன்பே, சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் யூரின் கல்ச்சர் சோதனைக்குக் கொடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். எந்த மருந்து கேட்கும் என்பதை அந்த ரிப்போர்ட் சொல்லும், மெடிக்கல் ஷாப் தம்பி அல்ல.

அடர் மஞ்சளுக்குத் தண்ணீர் குடியுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவுதான் கிரியேட்டினின்; 0.8 நன்றாகவே இருக்கிறது.

நீங்கள் பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான்: குளிர்காய்ச்சல். கடுப்போடு காய்ச்சல் ஏறி, இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டுகிற நடுக்கம் எடுத்தால், விலாவுக்குக் கீழே முதுகில் ஒரு பக்கம் வலித்தால், தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்றே நினையுங்கள். வாந்தியும் சேர்ந்தால் விழுங்கும் மாத்திரை உள்ளே நிற்காது, ஊசி மருந்துதான். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுக்காதீர்கள், நள்ளிரவானாலும் கிளம்புங்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு இது இன்னும் வேகமாக முற்றும். உங்களுக்குச் சர்க்கரை பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. பாருங்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு பிறப்புறுப்பு வறண்டு மெலிவதாலும் தொற்று திரும்பத் திரும்ப வரும். அதற்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) கிரீம் இருக்கிறது. கேட்கக் கூச்சப்பட்டே பல பெண்கள் வருடக்கணக்கில் ஆன்டிபயாடிக் விழுங்குகிறார்கள். மகப்பேறு மருத்துவரிடம் போகும்போது தொற்று வந்த தேதிகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.