முதல் உலகப் போரில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், இன்றைய மலேசியாவின் பினாங்குத் துறைமுகத்துக்குள் எப்படி நுழைந்தது?

போலிப் புகைபோக்கிதான் சூட்சுமம். மதராஸில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அதே எம்டனுக்கு மூன்றே புகைபோக்கிகள். மரச்சட்டத்தில் கித்தான் சுற்றி நான்காவதை நிறுத்தினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் யார்மவுத் கப்பல் போலவே இருக்கும்.

1914 அக்டோபர் 28, விடியும் நேரம். உள்ளே வந்ததும் ஜெர்மன் கொடியை ஏற்றிவிட்டு, நங்கூரமிட்டிருந்த ரஷ்யப் போர்க்கப்பல் ழெம்சுக் மீது டார்பிடோ விட்டது. இரண்டாவது டார்பிடோவில் கப்பல் வெடித்து மூழ்கியது.

ஏமாந்தது வேடத்தால் மட்டுமல்ல. ழெம்சுக்கில் குண்டுகளில் பெரும்பகுதி பூட்டிக் கிடந்தது. கேப்டன் செர்காசோவ் கப்பலிலேயே இல்லை, கரையில் இருந்தார்! பிறகு ரஷ்யாவில் அவருக்குச் சிறைத்தண்டனை. திரும்பும் வழியில் பிரெஞ்சு மூஸ்கே கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது. இறந்த ரஷ்ய மாலுமிகளின் நினைவுச்சின்னம் பினாங்கின் வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.