கல்லீரல் மாற்றிய பிறகு: வடசென்னைக்காரங்க கேள்விகளுக்குப் பதில்

ராயபுரம்: அப்பாவுக்கு நான் கல்லீரல் கொடுத்தா, எனக்கு மிச்சம் போதுமா?

பெரியவங்களுக்குப் பெரும்பாலும் வலது மடல், அதாவது சுமார் 60 சதவீதம் எடுப்பாங்க. உங்ககிட்ட குறைஞ்சது 30 சதவீதம் தங்கணும், சி.டி. ஸ்கேனில் அளந்துதான் சம்மதிப்பாங்க. கொழுப்பு படிஞ்சிருந்தா எடையைக் குறைச்சுட்டு வரச் சொல்வாங்க. மிச்சம் இருக்கிறது சில மாசத்துல வளர்ந்துடும்.

தண்டையார்பேட்டை: அரசு ஆஸ்பத்திரியில் செய்றாங்களா?

ஸ்டான்லியில் செய்றாங்க.

கொருக்குப்பேட்டை: புதுக் கல்லீரலை உடம்பு எதிர்க்காம இருக்க அம்மா போடுற டாக்ரோலிமஸ் மாத்திரை, ரத்தத்துல அதோட அளவு போன மாசம் 6, இப்போ 14. ஏன்?

ரத்தம் கொடுத்த அன்னிக்கு மாத்திரை எப்போ போட்டாங்க? அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால மிச்சம் இருக்கிற மருந்தை அளக்கிற சோதனை இது. ராத்திரி 8 மணிக்குப் போட்டா, மாத்திரையைப் பையிலேயே வெச்சு, காலை 8 மணிக்கு ரத்தம் கொடுத்து, கையில் பஞ்சை அழுத்திப் பிடிச்சபடி போடணும். வீட்டிலேயே போட்டுட்டுப் போனா அளவு ஏறித் தெரியும். அதை நம்பி டோஸைக் குறைச்சா, உடம்பு புதுக் கல்லீரலை எதிர்க்க ஆரம்பிச்சுடும். நேரம் சரின்னா, புதுசா சேர்ந்த மருந்தைப் பாருங்க: ஃப்ளுகோனசோல், கிளாரித்ரோமைசின் அளவை ஏத்தும், ரிஃபாம்பிசின் இறக்கும். பம்பளிமாஸ் பழமும் ஏத்தும். டோஸை நீங்களா மாத்தாதீங்க.

வியாசர்பாடி: மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக்?

வேண்டாம். டாக்ரோலிமஸோட சேர்ந்தா சிறுநீரகம் கெடும்.

காசிமேடு: மீன் சாப்பிடலாமா?

தாராளமா. நண்டு, கடம்பா உள்வரைக்கும் வெந்திருக்கணும். கருவாட்டைக் குறைங்க, டாக்ரோலிமஸ் மாத்திரையே ரத்த அழுத்தத்தை ஏத்தும், உப்பு வேற சேரக்கூடாது.

எண்ணூர்: கண்ணு லேசா மஞ்சளா இருக்கு. கீழாநெல்லி அரைச்சுக் குடிக்கலாமா?

கூடாது. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

எண்ணூர், மறுபடி: பச்சிலைதானே? எங்க தெருவுல எத்தனை பேருக்குக் காமாலை இறங்கியிருக்கு!

கெட்ட தண்ணியால வர்ற காமாலை பெரும்பாலும் தானாவே இறங்கும். பேர் மூலிகைக்குப் போகும். உங்களுக்கு அந்தக் காமாலைன்னு யார் சொன்னது? பித்தநாளம் சுருங்கியிருக்கலாம், எண்டோஸ்கோபியில் ஸ்டென்ட்னு ஒரு சின்னக் குழாய் வெச்சுத் திறக்க முடியும். ஈரல் தமனி, அதாவது கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோற குழாய், அடைபட்டிருக்கலாம். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. உடம்பு எதிர்க்கிறதாவும் இருக்கலாம். சீக்கிரம் பிடிச்சா பெரும்பாலும் மருந்துலயே அடக்கலாம். மூணும் வெளியில பார்க்க ஒரே மஞ்சள்தான். ரத்தமும் ஸ்கேனும்தான் பிரிச்சுச் சொல்லும்.

கொடுங்கையூர்: என் மச்சான் கீழாநெல்லி குடிச்சு நல்லாத்தான் இருக்கார்.

அவருக்கு இருக்கிறது அவரோட சொந்தக் கல்லீரல். இதுக்கு மேல இந்த விவாதம் வேண்டாம். எண்ணூர்க்காரரே, கிளம்பிட்டீங்களா?

திருவொற்றியூர்: விசேஷத்துக்கு மட்டும் ஒரு பீர்?

மூணாவது பேர் கேட்கிறீங்க. ஒரு சொட்டும் கூடாது.

எண்ணூர்: ஆட்டோ பிடிச்சாச்சு.

மாத்திரைச் சீட்டையும் போன ரிப்போர்ட்டையும் கையோட கொண்டுபோங்க.