பழைய மியாட்டாவின் எக்ஸாஸ்ட்டும் கலிஃபோர்னியா ஸ்மாக் சோதனையும்: கேள்வி பதில்

1990 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா பற்றிய கேள்விகள் இவை. 1993 வரை 1.6 லிட்டர் எஞ்சின், 1994 முதல் 1.8. கலிஃபோர்னியாவில் 1976 மாடல் முதலான பெட்ரோல் கார்கள் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஸ்மாக் சோதனைக்கு, அதாவது புகைச் சோதனைக்குப் போகவேண்டும்.

கேள்வி: அண்ணா, என் 1992 காரில் மஃப்ளர் ஓட்டையாகிவிட்டது. மாற்றுவதோடு மாற்றுவதாக முழு எக்ஸாஸ்ட்டையும் பெரிதாக்கலாமா?

எக்ஸாஸ்ட்டின் நச்சு வாயுக்களைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்டரை எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் இருக்கும் குழாய், ரெசனேட்டர் (இரைச்சலைத் தணிக்கும் கூடுதல் டப்பா), மஃப்ளர் எல்லாம் உங்கள் விருப்பம். சத்தம் மட்டும் 95 டெசிபலுக்குள் இருக்கவேண்டும். கன்வெர்டருக்கும் அதற்கு முன்னால் இருப்பவற்றுக்கும் ஒரிஜினல் பாகம், அல்லது கலிஃபோர்னியா காற்றுவள வாரியத்தின் இஓ எண் (அனுமதி எண்) பெற்ற பாகம்தான் செல்லும். அந்த எண் உங்கள் மாடல் ஆண்டுக்கும் எஞ்சினுக்கும் பொருந்துகிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

டர்போ இல்லாத எஞ்சினுக்கு 57 மில்லிமீட்டர், அதாவது 2.25 அங்குலக் குழாய் தாராளம். 3 அங்குலம் போட்டால் சக்தி கூடாது, இரைச்சல்தான் கூடும். இந்தக் கார் 65 மைல் வேகத்தில் ஐந்தாவது கியரில் நிமிடத்துக்குச் சுமார் 3,400 சுற்றில் ஓடுகிறது. மலிவு மஃப்ளர்கள் பெரும்பாலும் இந்தச் சுற்றை ஒட்டித்தான் காதைக் குடையும். ரெசனேட்டரைக் கழற்றாதீர்கள்.

கேள்வி: 1991 கார். இஓ எண் உள்ள ஹெடர் (எஞ்சினோடு சேரும் எக்ஸாஸ்ட் குழாய்த்தொகுதி) போட்டேன். அதன்பிறகு கார்பன் மோனாக்சைடு அதிகம் என்று சோதனையில் தோற்றுவிட்டது. கன்வெர்டர் போய்விட்டதா?

கன்வெர்டரைத் தொடாதீர்கள், முதலில் கசிவைத் தேடுங்கள். ஹெடர் மாற்றிய கார்களில் பெரும்பாலும் கோளாறு அங்கேதான். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் ஒரு மயிரிழை விரிசல் போதும். எக்ஸாஸ்ட் வாயு துடிப்புத் துடிப்பாக வெளியேறுவதால், ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் அந்த விரிசல் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துவிட்டு, கலவையில் பெட்ரோல் குறைவு என்று எஞ்சின் கணினியான ஈசியூவிடம் சொல்லும். ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். ஆக, ஓட்டை வழியாக உள்ளே போவது காற்று, பின்னால் டெயில்பைப்பில் எகிறுவது கார்பன் மோனாக்சைடு.

எஞ்சின் ஆறியிருக்கும்போது, வேக்குவம் க்ளீனரின் ஊதும் முனையை டெயில்பைப்பில் துணி சுற்றிப் பொருத்தி ஊதவிடுங்கள். சோப்பு நீரை ஹெட் ஃபிளேஞ்ச் (ஹெடரை எஞ்சினோடு இணைக்கும் தகடு), வெல்டிங் தையல்கள், சென்சார் மரை ஆகியவற்றின் மேல் தெளியுங்கள். குமிழி வரும் இடம் உங்கள் இடம். ஃபிளேஞ்ச் வளைந்திருந்தால் கேஸ்கெட் மாற்றிப் பயனில்லை. நேர்விளிம்பை வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் மெஷின் ஷாப்பில் சமப்படுத்தி வாங்குங்கள். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக 38–46 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கவேண்டும். நன்றாகச் சூடேறி ஆறியபின் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

கசிவே இல்லையென்றால் அடுத்த சந்தேகம் சென்சாரின் சூடு. உங்கள் காரில் இருப்பது ஹீட்டர் இல்லாத ஒற்றை வயர் சென்சார், வாயுவின் சூட்டில்தான் வேலை செய்யும். ஹெடரில் அதன் இடம் எஞ்சினைவிட்டுத் தள்ளிப்போனால் ஐடிலில் (கார் நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது) ஆறிவிடும். ஈசியூ அதை நம்பாமல் தன் கணக்குப்படி பெட்ரோல் ஊற்றும். சிக்னல் வயரில் மல்டிமீட்டர் வைத்து 2,500 சுற்றில் பாருங்கள்: 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விடாமல் ஊசலாடவேண்டும். 0.2-லேயே படுத்துக்கிடந்தால் கசிவு அல்லது ஆறிப்போன சென்சார். 0.8-லேயே நின்றால் உண்மையிலேயே பெட்ரோல் அதிகம். இன்ஜெக்டர், ஃப்யூல் பிரஷர் ரெகுலேட்டர் பக்கம் போங்கள்.

அந்த 1.6-க்கு மாஸ்டாவே ஹெடர் போன்ற குழாய் வகை மேனிஃபோல்ட் கொடுத்திருக்கிறது. விரிசல் இல்லாத ஒரிஜினல் கையில் இருந்தால் அதையே திரும்பப் போடுவதுதான் என் பரிந்துரை.

கேள்வி: சார், 1995 மாடல், 1.8. 15 மைல் வேகச் சோதனையில் நைட்ரிக் ஆக்சைடு மட்டும் அதிகம். ஹைட்ரோகார்பன் எல்லாம் நன்றாக இருக்கிறது.

எரியும் அறையில் சூடு அதிகம் என்று பொருள். முதலில் இக்னிஷன் டைமிங், அதாவது பொறி விழும் நேரம். டையக்னாஸ்டிக் பெட்டியில் டிஇஎன் (TEN), ஜிஎன்டி (GND) என்ற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, எஞ்சின் சூடாக, ஏசியும் விளக்கும் அணைந்த நிலையில், 850 சுற்று ஐடிலில் டைமிங் லைட் அடியுங்கள். 10 டிகிரி இருக்கவேண்டும். சுறுசுறுப்புக்காக 14-க்கு ஏற்றிவைக்கும் பழக்கம் இந்தக் கார்க்காரர்களிடம் உண்டு. அது நைட்ரிக் ஆக்சைடை ஏற்றும், சோதனையில் டைமிங்கையும் பார்ப்பார்கள்.

அடுத்து இஜிஆர், அதாவது எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் அமைப்பு. ஐடிலில் கைப்பம்பால் வால்வுக்கு வேக்குவம் கொடுத்தால் எஞ்சின் தள்ளாடவேண்டும் அல்லது நின்றுவிடவேண்டும். ஒன்றும் ஆகவில்லையென்றால் பாதையில் கரி அடைத்திருக்கும், கழற்றிச் சுரண்டுங்கள். ஹெடர் வாங்கினால் இஜிஆர் குழாய்க்கான துளை உள்ளதையே வாங்குங்கள். கூலன்ட் குறைவு, பழைய தெர்மோஸ்டாட் இரண்டையும் பார்த்துவிடுங்கள். இவ்வளவும் சரியென்றால்தான் கன்வெர்டர் குற்றவாளி.

கேள்வி: கன்வெர்டர் அடைத்திருப்பதை எப்படி உறுதிசெய்வது? வேறு மாநிலத்திலிருந்து பழையது ஒன்று மலிவாகக் கிடைக்கிறது.

பழையது வேண்டாம். கலிஃபோர்னியாவில் அதைப் பொருத்துவதே சட்டவிரோதம். அடைப்பைப் பார்க்க, ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அதே எம்18×1.5 மரையில் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். 2,500 சுற்றில் 3 பிஎஸ்ஐயைத் தாண்டினால் அடைப்பு.

புதியது போடுமுன், பழையதைக் கொன்றது எது என்று தேடியே ஆகவேண்டும். இந்தக் காரில் முதல் சந்தேகம் ஸ்பார்க் பிளக் வயர்கள். அவை கசிந்தால் எரியாத பெட்ரோல் கன்வெர்டருக்குள் போய் எரிந்து அதன் உள்ளிருக்கும் தேன்கூடு போன்ற அமைப்பை உருக்கிவிடும். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள், நீலப்பொறி தெரியும். பிளக் இடைவெளி 1.0–1.1 மில்லிமீட்டர்.

கேள்வி: 1996 காரில் பி0420 கோடு (கன்வெர்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற எச்சரிக்கை) வருகிறது. பின் சென்சாரைத் தள்ளிவைக்கும் ஸ்பேசர் போட்டால் போய்விடும் என்கிறார்களே ப்ரோ?

எச்சரிக்கை விளக்கு அணையும், வாயு மாறாது. 1996 காருக்கு ஓபிடி சோதனையோடு (காரின் கணினியைப் படிப்பது) டெயில்பைப் சோதனையும் உண்டு, அங்கே தோற்பீர்கள். மத்தியச் சட்டப்படியும் அது குற்றம். முன் சென்சார், கசிவு, கன்வெர்டர் என்று வரிசையாகப் பாருங்கள். பதிவான கோடு எண்ணை அழித்தால் மானிட்டர்களும் (கார் தன்னைத்தானே சோதித்த பதிவுகள்) அழியும். சோதனைக்குப் போகும்போது 1996–99 கார்களுக்கு ஒரு மானிட்டர் மட்டும் முடியாமல் இருக்கலாம்.

கேள்வி: கன்வெர்டர் ஃபிளேஞ்ச் நட்டு அசையவே இல்லை.

முதல்நாள் இரவே பெனட்ரேட்டிங் ஆயில் விடுங்கள். ஆறு முனை சாக்கெட் மட்டும் பயன்படுத்துங்கள். அசைந்தால் ஒரேயடியாகக் கழற்றாமல், கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. இல்லாவிட்டால் நட்டை மட்டும் சிவக்கச் சூடாக்கவேண்டும். அதற்கு முன் ஆயிலை நன்றாகத் துடைத்துவிடுங்கள், தீப்பிடிக்கும். ஜாக்கை நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம்.

கேள்வி: சோதனை நாளில் செய்யவேண்டியது?

20 நிமிடம் ஹைவேயில் ஓட்டிவிட்டு நேராக உள்ளே விடுங்கள். வரிசையில் அரைமணி நேரம் ஐடிலில் நின்றால் கன்வெர்டர் ஆறிவிடும். வெடித்த வேக்குவம் ஹோஸ் இருந்தால் முந்தின நாளே மாற்றுங்கள். பெட்ரோல் மூடியின் ரப்பரையும் பாருங்கள், அதையும் தனியாகச் சோதிப்பார்கள்.